தம்பியின் துவக்கும் வாசலில் கழற்றிய சப்பாத்துகளும்

லண்டன் மனோர் பார்க்கில் நாங்கள் முதலில் வாங்கிய வீட்டின் நடை மிகவும் ஒடுக்கம். கதவைத் திறந்ததும் சப்பாத்துக் குவியல்தான் கண்ணில் படும். என்னுடையது, இவருடையது, மகளுடையது, மேல் அறையில் வாடகைக்கு இருந்த இரண்டு பெடியன்களுடையது, கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே எங்கள் வீட்டில் சாப்பிட வருகிறவர்களுடையது. மழை நாட்களில் நடை முழுக்க ஈரத் தோல் மணக்கும். குவியலைக் கிளறித் தன் சோடியைத் தேடுகிறவர் கடைசியில் வேறு யாருடையதையோ போட்டுக்கொண்டு போவார். அதைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் அடுத்த கிழமை இன்னொரு சாப்பாடும் சாப்பிடுவார். இன்றைக்கு எனக்கு அகலமான நடை இருக்கிறது, சப்பாத்து அடுக்க மரத் தட்டு இருக்கிறது. குவியல்தான் இல்லை. அதற்காக ஏங்குகிறேன் என்று சொன்னால் மகள் சிரிக்கிறாள்.

அந்த வீட்டுக்குள் சப்பாத்தோடு ஒருவரும் காலடி வைக்க நான் விட்டதில்லை. காஸ் மீற்றர் பார்க்க வந்த வெள்ளைக்காரனையே ஒருமுறை கழற்ற வைத்தேன். அவனுடைய காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. பாவம், விரலை மடித்தபடியே மீற்றரை வாசித்து முடித்தான். "ஏனப்பா அந்த மனிசனை வதைச்சனீர்?" என்று இவர் கேட்டார். இவர் என்றால் என் கணவர். அவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை, எழுதவும் கை வராது. சப்பாத்து விசயத்தில் எங்கள் அம்மா என்னையும் தம்பியையும் அடித்துப் பழக்கியவ. வெறுங்காலோடு நடக்கிற வீட்டில் சத்தம் இருக்காது. பின்னால் ஒருவர் வந்து நிற்பது அவர் வாய் திறந்தால்தான் தெரியும்.

எனக்கு ஒரே ஒரு தம்பி. எழுபதுகளின் தொடக்கத்திலேயே படிக்கவென்று அமெரிக்கா போனவன். படித்தது ஒன்று, செய்தது ஒன்று. டெக்சாஸில் ஒரு சின்ன நகரத்தில் பலசரக்குக் கடை வைத்தான். அங்கேயே கலியாணம், ஒரே மகன். எங்கள் இருவருக்கும் கடிதம் எழுதப் பஞ்சி. அதனால் கசெற்றில் பேசிப் பதிந்து தபாலில் அனுப்பிக்கொள்வோம். அவன் கடையில் சாமான் அடுக்கியபடி பேசுவான். பின்னால் குளிர்ப்பெட்டி இரைந்துகொண்டிருக்கும். நான் சமைத்தபடி கேட்பேன். அவனுடைய குரலோடு வெங்காயம் வதக்கிய அந்த மத்தியானங்கள் எனக்குத் தங்கம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கசெற் வந்தது. நலம் விசாரித்து முடித்தபின் தம்பி சொன்னான்: "அக்கா, இந்தச் சத்தம் என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

டக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு டக். பாக்குவெட்டி என்று நினைத்தேன். இந்த வயதில் இவன் வெற்றிலை போடத் தொடங்கிவிட்டானோ என்று சிரிப்பும் வந்தது.

"இது துவக்கு, அக்கா. என்ரை சொந்தத் துவக்கு. கடையிலை போய் ரசீதோடை வாங்கினது."

அடுப்பை நிறுத்தினேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து பெட்டியும் கையுமாக ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் நாங்கள். என் உடன்பிறப்போ காசு கொடுத்து அதை வாங்கி வைத்துக்கொண்டு விடுகதை போடுகிறான். பதில் கசெற்றின் ஒரு பக்கம் முழுக்க அவனை ஏசினேன். மற்றப் பக்கத்தில் மகளின் தேவாரத்தைப் பதிந்து அனுப்பினேன்.

அவன் கோபிக்கவில்லை. பொறுமையாக விளக்கம் அனுப்பினான். அவனுடைய கடைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பின மனிதர் சலூன் நடத்தினார். அதற்கு அடுத்தது ஒரு கொரியாக்காரரின் உடுப்புத் தோய்க்கிற கடை. கொரியாக்காரரைக் கடைக்குள்ளேயே கட்டிப்போட்டு அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சலூன்காரர் தம்பியைத் தன் காரில் ஏற்றி, துவக்குச் சுடப் பழக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். "அவர் சொல்லுறார், அக்கா, எங்களைப்போல ஆக்களிட்டைச் சட்டம் நடந்து வரும், அடிக்கிறவன் ஓடி வருவான் எண்டு. அவையின்ரை பரம்பரைக்கு அது நல்லாத் தெரியும். ஒருகாலத்திலை அவையளைத் துவக்கு வைச்சிருக்கவே விடேல்லையாம். அதாலை அவருக்கு அது வெறும் இரும்பில்லை."

எனக்கு அது ஏறவில்லை. ஏறிய நாள் வேறு.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், ரோம்போர்ட் வீதி பஸ் தரிப்பில் நின்ற இவரை நாலைந்து மொட்டைத்தலை வெள்ளைக்காரப் பெடியன்கள் சூழ்ந்து அடித்தார்கள். இவர் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தார். கையில் மகளுக்கு வாங்கிய கலர்ப் பென்சில் பெட்டி. வீட்டுக்கு வந்தபோது முன்பல் ஒன்று இல்லை, கண்ணாடி இல்லை, பென்சில் பெட்டி மட்டும் இருந்தது. நடையில் இரத்தம் ஒழுக ஒழுக நின்று, குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். "விடுங்கோ, அப்பிடியே வாங்கோ" என்று கத்தினேன். மனிசன் கேட்கவில்லை, கழற்றிவிட்டுத்தான் வந்தார். வந்த பொலிஸ்காரர் எல்லாவற்றையும் அமைதியாக எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கிழமை தம்பிக்குப் பதிந்த கசெற்றில் நான் அழுதேன். "உன்னிலை பிழை இல்லையடா. என்னட்டையும் ஒண்டு இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். சமையலறை லாச்சியில் கரண்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துவக்கு இருப்பதாகப் பலநாள் கற்பனை செய்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்குப் போவதாகவும்தான். தம்பி ஏற்கெனவே அமெரிக்கப் பிரசை. எங்களைக் கூப்பிட ஸ்பொன்சர் மனுப் போட்டான். உடன்பிறப்புகளுக்கு வருசக்கணக்கில் எடுக்கும் என்றார்கள். எடுக்கட்டும், நான் காத்திருப்பேன் என்று சொன்னேன்.

காத்திருந்த காலத்தில் எங்களுக்கு ஆயுதம் ரெலிபோன்தான்.

எங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் வீட்டிலிருந்து வெளிக்கிட்டுத் தன் வீடு போய்ச் சேர்ந்ததும் ஒருதரம் மணியடிக்க விட்டு வெட்டிவிடுவார். எடுக்கக்கூடாது, எடுத்தால் காசு. ஒரு மணி என்றால் சுகமாகச் சேர்ந்தாச்சு என்று அர்த்தம். இவர் அடி வாங்கியபின் அதோடு இன்னொன்று சேர்த்தோம். ஒருதரம் அடித்து வெட்டி, உடனேயே திரும்பவும் அடித்து வெட்டினால் ஆபத்து. கேட்ட வீடு அடுத்த வீட்டுக்கு அடிக்க வேண்டும். எல்லோரும் லைட்டைப் போட்டுக்கொண்டு றோட்டுக்கு வரவேண்டும். எங்கள் தெருவில் ஏழு தமிழ் வீடுகள். மூன்றாம் வீட்டு ஜமைக்காக்காரியும் தானாகவே வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் ரிக்கற் கொடுத்து வளர்ந்த குரல் அவளுக்கு. அவள் ஒருத்தி ஏழு வீட்டுக்குச் சமம்.

ஒரு மழைப் பின்னேரம், எங்கள் மேல்மாடிப் பெடியன் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல வழக்கம்போல ஒருதரம் அடித்து வெட்டினான். அடித்ததோ இல்லையோ என்று அவனுக்குச் சந்தேகம். திரும்பவும் ஒருதரம் அடித்து வெட்டினான். ஐந்து நிமிடத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. நான் இடியப்ப உரலோடு நின்றேன். இவர் குடையோடு நின்றார், விரிக்காமல். ஜமைக்காக்காரி பொரித்துக்கொண்டிருந்த மீனோடு சட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இந்தப் பக்கம் பார்த்தோம், அந்தப் பக்கம் பார்த்தோம், எதிரி என்று ஒரு பூனைகூட இல்லை. அப்போதுதான் கவனித்தேன், தமிழர் ஒருவர் காலிலும் சப்பாத்து இல்லை. குவியலைக் கிளற யாருக்கு நேரம்? அத்தனை பேரும் லண்டன் மழையில் வெறுங்காலோடு நின்றோம். கடைசியில் அவளுடைய மீனை எங்கள் வீட்டுச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டோம். அந்தப் பின்னேரம்போல நான் சிரித்த நாட்கள் வாழ்க்கையில் குறைவு.

இந்தக் கதையைக் கேட்டுத் தம்பியும் கசெற்றில் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "அந்தச் சட்டி ஒருநாளைக்குப் போதாமல் போகும், அக்கா" என்றான். அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. இரண்டு முறை எங்கள் முன் யன்னல் உடைந்தது. முதல் முறை நாங்கள் தெருவுக்கு வந்ததைக் கண்டு ஓடினார்கள். அடுத்த முறை நாங்கள் வருமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணாடித் துண்டுகளைக் கூட்டும்போதெல்லாம் நான் அமெரிக்காவையே நினைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடிதம் வந்தது. எங்கள் முறை வந்துவிட்டது, படிவங்களை நிரப்பி அனுப்பலாம் என்று இருந்தது. இவருக்கு விருப்பமில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அங்கை எல்லாரும் துவக்கோடை நிண்டால் ஆர் பேய், ஆர் மனிசன் எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார். ஆனால் மறிக்கவில்லை. "அடி வாங்கினது நான், பயந்தது நீர். நீர் போவம் எண்டால் நான் வாறன்" என்று முடித்துவிட்டார். முடிவு என் தலையில் விழுந்தது. எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. படிவங்களை நிரப்பி, கையெழுத்து வைத்து, உறையில் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். தம்பி அந்தக் கோடையில் இரண்டு கிழமை லண்டன் வருவதாக இருந்தான். அவன் ஒருதரம் பார்த்துச் சரி சொன்னதும் அனுப்பலாம் என்று நினைத்தேன்.

இருபது வருசத்துக்குப் பிறகு கண்டேன். கொஞ்சம் தொப்பை, நிறைய நரை. கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் அவன் நடையில் கிடந்த குவியலைத் தாண்டி, சப்பாத்தோடு நேரே முன்னறைக்குள் போனான்.

"டேய்! சப்பாத்து!"

குனிந்து தன் காலைப் பார்த்தான். முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா. பழகிப்போச்சு" என்று சொல்லித் திரும்பிப் போய்க் கழற்றினான். அமெரிக்கா அவனைக் கெடுத்துவிட்டது என்று அந்தக் கிழமை முழுக்கக் கேலி செய்தேன். அவன் கதவைப் பார்த்தபடி இருக்கிற கதிரையில்தான் எப்போதும் இருந்தான். பின்கதவுப் பூட்டின் திறப்பு எங்கே என்று மூன்று முறை கேட்டான். ஊரில் காற்சட்டை இல்லாமல் தெருவெல்லாம் திரிந்தவனுக்கு இந்த வயதில் இவ்வளவு கவனமா என்று அதற்கும் கேலி செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் சாப்பிட்டுவிட்டு அவன் முன்னறைச் சோபாவில் கண்ணயர்ந்தான். மகளுக்கு அப்போது பதினொரு வயது. "மாமாவுக்குத் தேத்தண்ணி குடு" என்று அவளிடம் கோப்பையைக் கொடுத்தேன். நான் பின்னாலேயே வடைத் தட்டோடு போனேன். அவள் வெறுங்காலோடு போய்ச் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அவன் துள்ளி எழும்பினான். ஒரு கை கோப்பையைத் தட்டிவிட்டது, தேத்தண்ணி சுவரெல்லாம் அடித்தது. மற்றக் கை தலைக்கு வைத்திருந்த குசனுக்கு அடியில் போய் வெளியே வந்தது. வெறுங்கைதான். ஆனால் அது என் பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே நீண்டு நின்றது, சுட்டுவிரல் மடிந்தபடி.

மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அவன் தன் கையைப் பார்த்தான். அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, சோபாவில் அமர்ந்து, விம்மி விம்மி அழத் தொடங்கினான். மகளை இவரிடம் அனுப்பிவிட்டு நான் கதவைச் சாத்தினேன்.

"போன வருசம், அக்கா. இதேபோல ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்" என்றான். கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அவன் மகன், தாயின் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் வந்திருக்கிறான். திடுக்கிட வைக்கலாம் என்று பின்கதவால் நுழைந்திருக்கிறான். நுழையும்போது, சின்ன வயதிலிருந்து பழக்கியபடி, சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்திருக்கிறான். தம்பி உள்ளே சாய்கதிரையில் நித்திரை. கடைக்குள் கள்ளர் புகுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"கண் முழிச்சனான். ஒரு ஆம்பிளை எனக்குக் கிட்ட நிக்கிறான். கால்ச்சத்தமே கேக்கேல்லை, அக்கா. வாய் கூப்பிட முதல் கை சுட்டுப்போட்டுது." இரண்டு விரலை அகட்டிக் காட்டினான். "காதுக்கும் சன்னத்துக்கும் இடையிலை இவ்வளவுதான். கதவு நிலையிலை போய் ஏறினது."

"பெடியன்?"

"ஒண்டும் கதைக்கேல்லை. போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போட்டான். இண்டைவரைக்கும் வீட்டை வரேல்லை. போன் எடுத்தால் தாயோடை மட்டும் கதைப்பான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் கழட்டாமல் வந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். இப்ப எங்கடை வீட்டிலை ஒருத்தரும் கழட்டுறேல்லை. சாமியறை வாசல்வரைக்கும் சப்பாத்துத்தான்" என்றான்.

ஒரு கிழமையாக நான் செய்த கேலியெல்லாம் என் நெஞ்சில் வந்து குத்தியது. வெட்கமாக இருந்தது. "துவக்கை எறிஞ்சுபோட்டியோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றான். "கடை அங்கைதானே இருக்கு. கொரியாக்காரனை அடிச்ச ஆக்களும் அங்கைதான் இருக்கினம். அதை வைச்சிருந்தாலும் பயம், விட்டாலும் பயம், அக்கா."

எனக்குக் கோபம் வந்தது. இவனில் வந்தது, அந்த நாட்டில் வந்தது, பஸ் தரிப்பில் நின்ற மொட்டைத்தலையன்களில் வந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக, உன்னில் பிழை இல்லை என்று பதிந்து அனுப்பிய என் வாயில் வந்தது. லாச்சியில் துவக்கு வைத்திருப்பதாகக் கற்பனை செய்தேனே, அதே லாச்சிக்குப் பக்கத்தில்தான் என் பிள்ளை வெறுங்காலோடு பூனைபோல வந்து விசுக்கோத்து எடுப்பாள்.

"போமை அனுப்பிட்டியளோ?" என்று அவன் கேட்டான்.

"இல்லை. பிள்ளையாருக்குப் பின்னாலை கிடக்கு."

"அங்கையே கிடக்கட்டும். வராதேங்கோ."

நாங்கள் போகவில்லை. அடுத்த சில வருசங்களிலும் யன்னல் ஒருதரம் உடைந்தது, பிறகு உடையவில்லை. லண்டன் நல்ல ஊராகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. இவருடைய முன்பல் இன்றுவரை கட்டின பல்தான். ஆனால் இரண்டு மணி அடித்தால் வருவதற்கு ஆட்கள் இருந்தார்கள், அதுமட்டும் எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் தம்பியின் மகன் வேலைப் பயிற்சி என்று மூன்று மாதம் லண்டன் வந்தான். எங்கள் வீட்டில்தான் தங்கச் சொன்னேன். வந்த நாள் மத்தியானம் நான் சமையலறையில் நின்றேன். தெருப் படலையிலிருந்து ஒரு பெரிய குரல்: "மாமி! இட்ஸ் மீ!" கதவடியில் இன்னும் பெரிதாக: "மாமி! ஐ ஆம் அட் த டோர்!" நான் கதவைத் திறக்க முதல், மூன்றாம் வீட்டு ஜமைக்காக்காரி சட்டியோடு வெளியே வந்துவிட்டாள். ஆறடிப் பெடியன் இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவளுக்கு விளங்கப்படுத்தி அனுப்பினேன். அவன் சப்பாத்தைக் கழற்றிக் குவியலில் வைத்தான். நடையில் நின்று, "மாமி, ஐ ஆம் இன் த ஹோல்வே" என்றான். நான் அவனுக்கு முன்னால்தான் நிற்கிறேன். சமையலறை வாசலில் நாலாவது முறையும் சொன்னான்.

"ராசா, இஞ்சை கத்தத் தேவையில்லை" என்றேன்.

"ஐ நோ, மாமி" என்றான். ஆனாலும் மூன்று மாதமும் ஒவ்வொரு வாசலிலும் குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு பின்னேரம் அவன் வரும் நேரம் பார்த்துக் கசெற்றைப் போட்டேன். "தம்பி, இந்தச் சத்தம் என்னெண்டு சொல்லு பாப்பம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். படலையடிக் குரல், கதவடிக் குரல், நடைக் குரல், சமையலறை வாசல் குரல், நாலும் பதிந்தன. வேறொன்றும் சேர்க்காமல் அடுத்தநாள் தபாலில் போட்டேன். அது கொடுமைதான். வேண்டுமென்றேதான் செய்தேன்.

பதில் கசெற் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், தம்பியே வந்து வாசலில் நின்றான். கையில் பெட்டி, கண் சிவந்திருந்தது. துவக்கை என்ன செய்தான் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. மகன் சமையலறையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தான். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. ஆனால் தம்பி உள்ளே வரவில்லை. படியில் நின்றபடி, தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டான்.

"மகன்! நான், அப்பா. உள்ளுக்கை வரட்டோ?"

சமையலறையில் தோசைக்கரண்டியின் சத்தம் நின்றது. தோசை கருகி மணந்தது. நான் நடையில் சப்பாத்துக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பிள்ளை முழுசாகத் தமிழில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"ஓம் அப்பா" என்றான் உள்ளே இருந்து. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."